நாற்பத்தோராவது நட்சத்திரத்தின் மஞ்சள்

அடுப்பில் உப்பு விழுந்தது, நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ மஞ்சளாக மாறியது, நடந்தது அவ்வளவுதான். எத்தனையோ வீட்டில் எத்தனையோ முறை நடப்பதுதான். அதற்குப் போய் வாணியம்பாடியில் பஸ் ஏறியதிலிருந்து சுகந்திக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. மடியில் பை, பைக்குள் கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடு, ஆறு வருஷத்து உழைப்பு. வேலூரில் மூன்று மணிக்கு அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் முன்னால் நின்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டால் அவள் டாக்டர் சுகந்தி. அம்மா அதற்குள் தெருவுக்கே சொல்லியாகிவிட்டது. சொன்னதோடு விட்டாளா, சொன்னதால் ஊர்க்கண் பட்டிருக்கும் என்று அவளே முடிவுகட்டி, கிளம்புகிற நேரத்தில் மகளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, ஒரு கை கல்லுப்பும் காய்ந்த மிளகாயுமாக மூன்று சுற்று சுற்றி, கரியடுப்புக்கு எங்கே போவது, கேஸ் அடுப்பிலேயே கொட்டினாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகி நெடி ஏறியது. சுகந்தி கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னடி இது, இப்படி நெடி ஏறுது? அப்ப ஒருத்தர் கண்ணும் படலியா?" என்று தெருவே தன்னை மதிக்காமல் போனது போலக் கேட்டாள். கண் பட்டிருந்தால் நெடி ஏறாது, அது அம்மாவின் விஞ்ஞானம். சுகந்தி பர்னரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். அந்த நெடியையும் தெரியும். இரண்டும் ஒன்றாக வந்த அந்த விநாடியில்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைமேல் ஓர் இரவில் இதே மாதிரி இருமியது ஞாபகம் வந்தது.

ஜன்னலோரச் சீட்டு. பன்னிரண்டு மணி வெயில் முழங்கையில் வந்து உட்கார்ந்தது. எட்டு நிமிஷத்துக்கு முன்னால் சூரியனை விட்டுக் கிளம்பிய வெயில், அப்போது பஸ் நியூ டவுன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது என்று மனசு தானாகவே கணக்குப் போட்டது. எந்த வெளிச்சத்தைப் பார்த்தாலும் நீ எப்போது கிளம்பினாய் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. நாற்பத்தொன்றின் வெளிச்சம் தொண்ணூற்று மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளம்பியது. அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, பட்டியலில் ஒரு நீளமான எண் மட்டும், அவள் ஆராய்ந்த இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தோராவது என்பதால் அவளுக்கு நாற்பத்தொன்று. அது கிளம்பும்போது அம்மாவே பிறக்கவில்லை, இந்த நெடுஞ்சாலை இல்லை, வாணியம்பாடித் தெருவில் விளக்குக் கம்பம் இருந்திருக்காது. வழியில் எங்கேயும் நிற்காமல், எதன் மேலும் மோதாமல், யாருக்காக வருகிறோம் என்று தெரியாமல் வந்து, கடைசியில் மலைமேல் இருக்கும் ஒரு தொலைநோக்கியின் ஆடியில் விழுந்து முடிந்தது. ஒரு நூலிழை கனம் கூட இல்லாத அந்த வெளிச்சத்தைப் பிரித்து வண்ணமாக விரித்தால் நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள், இந்த இடத்தில் கோடு என்றால் இரும்பு, இந்த இடத்தில் என்றால் கால்சியம், மஞ்சள் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு என்றால் சோடியம், அதாவது நம் உப்பில் இருப்பது. எவ்வளவு சூடு, எவ்வளவு வயசு, நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா, எல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது, ஒருவரும் அங்கே போகவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. காலேஜ் லேபில் முதல் தடவை அந்தக் கோடுகளைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்ற தோழி, ஃபேன் காத்து ஜாஸ்தியா என்று கேட்டாள். இன்றைக்கும் சிலிர்க்கிறது, இதோ இந்தப் பஸ்ஸில், இவ்வளவு பயத்துக்கு நடுவிலும்.

பயப்படாதே, ஒழுங்காக வரிசையாக யோசி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு மாசி மாதம். அவள் முதன்முதலாகத் தனியாகத் தொலைநோக்கியை ஓட்டிய இரவு. அவளுடைய வழிகாட்டி ஹெப்சிபா மேடம் காய்ச்சலில் கீழே இறங்கிப் போய்விட்டார், நீயே பார்த்துக்கொள் என்று ஒரே வரியில் செய்தி. கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அறையில் அவள், அந்தப் பக்கம் இருட்டில், தொலைநோக்கி நிற்கும் டோமுக்குள் சடையண்ணன். அந்த மலையிலேயே பிறந்தவர், முப்பது வருஷமாக டோமைத் திருப்புவதும் ஆடியின் மூடியைத் திறப்பதும் அவர் வேலை, ராத்திரியில் அவருக்குத் தெரியாத பல்லி கூட அங்கே கிடையாது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மைக்கில், அண்ணே ஷட்டர் திறந்துட்டேன் என்று சொன்னாள், படம் பதிய ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் தொண்டை கரகரத்தது. விடுதியில் யாரோ தாளிக்கிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தாள். விடுதி அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு அங்கே யார் தாளிப்பார்கள், இந்தக் கேள்வி மூன்று வருஷமாக ஏன் வரவில்லை? வந்திருக்காது, ஏனென்றால் அரை மணி நேரத்தில் திரையில் படம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு அவளுக்குத் தொண்டையே ஞாபகமில்லை. சோடியத்தின் கறுப்புக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று இரண்டு மஞ்சள் கோடுகள். ராத்திரி வானத்துக்கும் கொஞ்சம் மஞ்சள் உண்டு, அதனால் வெற்று வானத்தைத் தனியாக எடுத்துக் கழிப்பது வழக்கம், பதினொன்றரைக்கு எடுத்துக் கழித்தும் பார்த்தாள், கோடுகள் அப்படியே இருந்தன. மறுநாள் அவை இல்லை. அடுத்த மாதம் இல்லை. ஒரே ஓர் இரவு. அந்த நட்சத்திரம் ஒரே ஓர் இரவு வாயுவைக் கக்கியிருக்கிறது, அதை உலகத்தில் பார்த்தவள் வாணியம்பாடி சுகந்தி மட்டும். ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுக்க அதுதான். வெளியூர்த் தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் புகழ்ந்து எழுதியிருந்தார். சிலி நாட்டுத் தொலைநோக்கி மலையிலிருந்து இரண்டு வருஷ வேலைக்கு அழைப்பு வந்ததும் அதனால்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருநூற்றுப் பதினொரு சாதுவான நட்சத்திரங்கள், ஒன்றும் கக்காதவை.

"வேலூரா? உள்ள தள்ளி உக்காரும்மா, பைய மேல வை," என்றார் கண்டக்டர். பையை மேலே வைக்க அவள் சம்மதிக்கவில்லை. அந்த மஞ்சள் நட்சத்திரத்தினுடையதா, அன்றைக்கு யாராவது தீயில் போட்ட உப்பினுடையதா என்று சொல்ல, பைக்குள் இருக்கும் இரண்டு எண்கள்தான் இப்போது எல்லாமே. ஒன்று அவளுக்கு மனப்பாடம், எண்பத்தேழாம் பக்கம், வாயு வெளியேறும் வேகம் விநாடிக்குப் பதினேழு புள்ளி இரண்டு கிலோமீட்டர். இன்னொன்று ஞாபகமில்லை. பின்னிணைப்பில், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், கம்ப்யூட்டரே நிரப்பிய நீளமான அட்டவணையில், நாற்பத்தோராவது வரிசையில், அன்றிரவு அந்த நட்சத்திரம் நம்மை விட்டு எவ்வளவு வேகமாக விலகிப் போய்க்கொண்டிருந்தது என்று ஓர் எண். எல்லா நட்சத்திரமும் ஓடுகிறது. ஓட்டத்தோடு அளந்தால் கோடுகள் இடம் மாறித் தெரியும், அதனால் கம்ப்யூட்டர் முதலில் அந்த ஓட்டத்தைக் கழித்து, அளப்பவள் நட்சத்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பது போலச் செய்து தரும். பஸ் அப்போது ஒரு புளியமரத்தைத் தாண்டியது. அடுத்து இன்னொன்று. வரிசையாக மரங்கள் பின்னால் ஓடின. சின்ன வயசில் மரம் ஓடுகிறது என்று அவள் கத்தியிருக்கிறாள், எல்லோரும் கத்துவதுதான். மரம் எந்த வேகத்தில் ஓடுகிறது? பஸ் போகிற வேகத்தில். ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. நட்சத்திரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்தால், மலையில் டோமுக்குள் சும்மா எரிந்துகொண்டிருக்கிற ஒரு தீயும் அப்படித்தான், நட்சத்திரத்திலிருந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிற வாயுவைப் போலத் தெரியும். எந்த வேகத்தில்? நட்சத்திரம் விலகுகிற அதே வேகத்தில். இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால் அந்த மஞ்சள் நாற்பத்தொன்றினுடையது, அவள் அனாவசியமாகப் பயந்தாள், சாயங்காலம் அம்மாவுக்கு ஸ்வீட். இரண்டும் ஒன்றாக இருந்தால். ஜிப்பில் கை வைத்தாள், எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் கைப்பையை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஆம்பூர் வந்தது. பிரியாணி வாசனையும் தோல் மண்டி வாசனையும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து உள்ளே ஏறின. ஒரு லாரியில் பச்சைத் தோல்கள் மடித்து மடித்து அடுக்கியிருந்தன, ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளையாக உப்பு. எங்கே பார்த்தாலும் உப்பு. மேலுதட்டில் வழிந்த வியர்வையை நாக்கால் தொட்டாள், அதிலும் உப்பு. முன்னெல்லாம் இந்த நெடுஞ்சாலையில் மஞ்சள் விளக்குகள் இருந்தன, அதன் கீழே சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் ஒரே அழுக்கு நிறமாகத் தெரியும், அதற்குள் இருந்ததும் இதே சோடியம்தான். எந்தக் காலத்திலோ செத்துப்போன ஏதோ நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்து, சிதறி, மண்ணாகி, கடலாகி, பாத்தியில் காய்ந்து, அம்மாவின் பீங்கான் ஜாடிக்கு வந்து சேர்ந்த சோடியம். அடுப்பில் போட்டால் அது மஞ்சளாக எரியும், அம்மா போட்டாலும் எரியும், நாற்பத்தொன்றில் இருந்தாலும் அதே இடத்தில்தான் கோடு. ஆள் பார்த்து, ஊர் பார்த்து நிறம் மாற்றிக்கொள்ளாது. அதை நினைத்ததும் நெஞ்சு விரிந்தது, எவ்வளவு பெரிய வானம், எவ்வளவு ஒரே மாதிரியான உப்பு! விரிந்த நெஞ்சுக்குள்ளேயே சின்னதாக ஒரு குரல் நுழைந்தது. யாருக்குத் தெரியும்? மூன்று பேர் படித்தாகிவிட்டது. மூன்று பேரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஐம்பத்தாறு பக்கம் இருக்கிறது, யார் புரட்டி ஒப்பிடப் போகிறார்கள்? அந்த நட்சத்திரம் இனிமேல் கக்கவில்லை என்றால் கக்காமல் இருப்பது அதன் இஷ்டம். அன்றைக்கு இருமினேன் என்பதை அவள் வாயால் சொன்னால் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. சிலிக்குப் போகலாம், நல்ல வேலை செய்யலாம், பத்து வருஷம் கழித்து மெதுவாக ஒரு குறிப்பு எழுதித் திருத்திவிடலாம். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறது பார் என்று சுகந்திக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தொண்ணூற்று மூன்று வருஷம் நடந்து வந்த வெளிச்சம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதைக் கேட்க உட்கார்ந்தவள் சொல்லலாமா? ஆனாலும் ஜிப்பைத் திறக்கவில்லை. வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முதலில் தீ இருந்ததா என்று தெரிய வேண்டாமா, அதைத் தெரிந்தவர் ஒருத்தர்தான். சடையண்ணன் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நம்பர் இருந்தது. பள்ளிகொண்டா தாண்டும்போது கூப்பிட்டாள்.

நாலாவது மணியில் எடுத்தார். "யாரு, கம்ப்யூட்டர் ரூம் சுகந்தியா? எப்டி கீற பாப்பா?" என்று ஆரம்பித்து, மலையில் சாமை விளைச்சல், மருமகனுக்குக் கால் ஒடிந்தது, டோமில் இப்போது இருக்கிற பையன்களுக்கு ஆடியைத் துடைக்கக் கூடத் தெரியவில்லை என்பது வரை சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் மொத மொதல்ல தனியா உக்காந்தேனே, அன்னைக்கு டோமுக்குள்ள உப்பு மிளகா போட்டீங்களா?" அவர் உடனே திருப்பிக் கேட்டார். "யாராச்சும் எதுனா சொன்னாங்களா? ரிட்டயர் ஆனவன கூப்ட்டு விசாரிப்பாங்களா?" "யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் கேக்கறேன்." அவர் குரல் இறங்கியது. "போட்டேன் பாப்பா. டோமுல நெருப்பு கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசத்துல ஒரு பீடி பத்த வெச்சதில்ல. அன்னிக்கு சாயந்தரம் வந்த ரெண்டு ஆபீசருங்க உன்ன ஏற எறங்கப் பாத்தானுங்க. இந்தப் பொண்ணா இத்தாம் பெரிய மிஷின ஓட்டப் போவுதுன்னு ஒருத்தன் வாய் வுட்டே கேட்டான். எனக்கு மனசே ஆறல. சாம்பிராணிச் சட்டில கங்கு எடுத்தாந்து, ஒரு கை கல்லுப்பு, ஏழு மொளகா, கண்ணாடி வழியா உன் முதுகுக்கு நேரா மூணு சுத்து சுத்திப் போட்டேன். நீ திரும்பிக் கூடப் பாக்கல. வேலைல இருந்த." "எத்தன மணிக்குண்ணே?" "நீ மைக்குல ஷட்டர் தொறந்துட்டேன்னு சொன்ன பாரு, அப்புறந்தான். நீ ஆரம்பிச்சப்புறம் போட்டாத்தான் உனக்குச் சேரும்னு வெயிட் பண்ணிப் போட்டேன். ஒரு கா மணி நேரம் நல்லா எரிஞ்சுது, நீ வெறும் வானம் எடுக்கறதுக்குள்ள அணஞ்சிடுச்சு." பிறகு, "தப்பா ஆயிருச்சா பாப்பா?" என்றார். சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. "தப்பில்லண்ணே," என்றாள். "அது எனக்குச் சேந்துது."

போனை வைத்துவிட்டு ஜிப்பைத் திறந்தாள், இந்தத் தடவை கை தயங்கவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். விரலை வரிசையாக இறக்கினாள், முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. பதினேழு புள்ளி இரண்டு. பார்த்தாள். எண்பத்தேழைப் புரட்டி அதையும் பார்த்தாள், மனப்பாடமாக இருந்ததைக் கூட ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பதினேழு புள்ளி இரண்டு. மரம் ஓடவில்லை, பஸ்தான் ஓடியது. நாலாம் அத்தியாயம் போயிற்று, சிலியும் போயிற்று என்று மனசு எண்ணியது, எண்ணும்போது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் வலி வந்து உட்கார்ந்த இடத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது, அதை என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த இரவில் ஒரே ஆடியில் இரண்டு வெளிச்சம் விழுந்திருக்கிறது. ஒன்று தொண்ணூற்று மூன்று வருஷம் நடந்து வந்தது, இன்னொன்று பத்தடி தூரத்திலிருந்து வந்தது. ஆடி இரண்டையும் ஒரே மரியாதையோடு வாங்கி, பிரித்து, அவரவர் இடத்தில் வைத்துவிட்டது. நாற்பத்தொன்று, நான் விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொன்னது. சட்டியிலிருந்த உப்பு, நான் எங்கேயும் போகவில்லை, உன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறேன் என்று சொன்னது. அவள்தான் அதைத் தூக்கி வானத்தில் வைத்தாள். மூன்று வருஷமாக அந்த மஞ்சள் கோடுகளைப் பெரிதாக்கி, அளந்து, அகலம் பார்த்து, உயரம் பார்த்து, ஒரு மனுஷருக்கு அவள் மேல் இருந்த பிரியத்தைத்தான் நான்கு தசம இடம் வரைக்கும் கணக்கிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பஸ்ஸின் கூரையும் வெயிலும் கலங்கித் தெரிந்தன. ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினாள், நன்றி. மேடத்துக்கு, அம்மாவுக்கு, அப்பாவின் நினைவுக்கு, பணம் கொடுத்த அமைப்புக்கு, தோழிகளுக்கு, விடுதி நாய்க்குக் கூட. சடையண்ணன் பெயர் அதில் இல்லை. நாய்க்கு மேலே இருந்த இடுக்கில் பேனாவால் எழுதினாள், பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாக வந்தது. பிறகு எண்பத்தேழுக்கு வந்து, படத்தின் கீழே ஆங்கிலத்தில் இருந்த நாற்பத்தோராவது நட்சத்திரத்தின் வாயு என்ற வரியை அடித்துவிட்டு, அடித்ததற்குக் கீழே தமிழில், சடையன் போட்ட உப்பு, இரவு பத்து மணி என்று எழுதினாள்.

வேலூர்க் கோட்டை மதில் தெரிந்தபோது மணி ஒன்று நாற்பது. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்கு வரிசையில் நின்றது. ஹெப்சிபா மேடத்தைக் கூப்பிட்டாள், முதல் மணியிலேயே எடுத்தார், அவரும் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "எங்க இருக்க? மூணு பேரும் வந்தாச்சு. நாலாவது சாப்டர்லேருந்தே ஆரம்பிக்கச் சொல்றாங்க, நல்ல சகுனம்." "மேடம், நாலாவது சாப்டர எடுத்துடணும். அத அவங்ககிட்ட நானே முதல்ல சொல்லிடறேன்." "என்ன உளர்ற?" "அந்த மஞ்சள் நட்சத்திரத்தோடது இல்ல மேடம், இங்கயே எரிஞ்ச உப்பு. ரெண்டு வேகமும் ஒண்ணுதான். எண்பத்தேழையும் நூத்தி நாப்பத்து மூணையும் பாருங்க." மேடத்தின் பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது, ஒரு பக்கம், பிறகு வேகமாகப் பல பக்கம். சுகந்தி ஜன்னல் வழியாகச் சாலையில் விழுந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டு நிமிஷத்துக்கு முன்னால் கிளம்பியது, அப்போது பேனா அவள் கையில் இருந்தது. கண்டக்டர், "எறங்கு எறங்கு, எல்லாம் எறங்கு," என்று கதவைத் தட்டினார். மேடம் கடைசியில் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது, கோபமில்லை, பாடம் கேட்கும் மாணவியின் குரல் போல இருந்தது. "சோடியம் நிஜமா இருந்திருக்கு. இவ்வளவு சுத்தமா, அசையாம. எங்கேருந்து வந்துது அது? எந்த உப்பு?"

"கல்லுப்பு மேடம்," என்றாள் சுகந்தி.